வேப்பங்குச்சியும் வெள்ளித்துகளும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், விடியற்காலையில் வேப்பங்குச்சியை மென்றவாறு வயலுக்குச் செல்வோரை இளமையில் நான் கண்டதுண்டு. “வேம்பு எல்லாக் கிருமிகளையும் கொல்லும்” என்று வகுப்பிலே பல்லாண்டு சொன்னதும் உண்டு. அவ்வாக்கியத்தைத் திருத்தவே இன்று பேசுகிறேன்.

1683ஆம் ஆண்டு. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் லூவன்ஹாக் என்னும் துணி வணிகர், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்மையான அழுக்கை எடுத்து, தாமே செய்த உருப்பெருக்கியில் நோக்கினார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் அசைந்தன! வினிகர் என்னும் புளிக்காடியால் பற்களைக் கழுவிப் பார்த்தார். அழுக்கின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன, உள்ளிருந்தவை பிழைத்தன. காரணம் யாது?

விடை தெளிவாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பிசின் போன்ற பொருளால் கோட்டை கட்டிக் கூட்டமாக வாழ்கின்றன. அதுவே உயிர்ப்படலம். 1978இல் கோஸ்டர்டன் முதலிய அறிஞர்கள் இதனை உலகறிய விளக்கினர். ஆறாத புண்ணிலும், நோயாளியின் உடலில் செருகிய குழாயிலும் இக்கோட்டை எழும்புகிறது. மருந்து உள்ளே எளிதில் புகாது. புகுந்தாலும், வளர்ச்சி குன்றி உறங்கிக்கிடக்கும் கிருமிகளை அது எளிதில் வெல்லாது. இதனால் துன்புறுவோர் பலர்.

இங்கேதான் வெள்ளி வருகிறது. 1880ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்னும் மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை விட்டுப் பார்வையைக் காத்தார். 2004இல் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியும் அவர்தம் குழுவினரும், வேப்பிலையைக் கொதிக்கவைத்த சாற்றை வெள்ளி உப்பின் கரைசலோடு சேர்த்தனர். சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக்கின. துகள்கள் ஒன்றோடொன்று திரளாமலும் காத்தன. பிறந்தவை நானோ துகள்கள். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு! துகள் சிறுத்தால், அதே எடை வெள்ளிக்குப் பரப்பு பெருகும். கிருமியின் உறையைச் சிதைக்கும் வெள்ளி அயனிகளும் மிகுதியாக வெளிப்படும். பின்னர்ப் பற்பல தாவரங்களைக்கொண்டு செய்த துகள்கள், ஆய்வுக்கூடத்தில் உயிர்ப்படலம் உருவாவதைக் குறைத்திருக்கின்றன.

ஆயினும் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடல் வேறு. அளவு மிஞ்சின் வெள்ளி நம் உயிரணுக்களுக்கும் தீங்கு செய்யும். மேலும், வேப்பங்குச்சியில் வெள்ளி இல்லை. வேம்பு இங்கே துகளை ஆக்கித்தரும் பணியாளே.

ஆதலால் நான் திருத்திச் சொல்வது இது: முன்னோர் வழக்கம் நமக்கு வினாவைத் தரும், விடையைச் சோதனையே தரும். ஓமந்தூர் வேப்பமரத்தடியில் நிற்கும் மாணவனும் அவ்வினாவைத் தொடுக்கலாம். ஆனால், விடை காணுமுன் வகுப்பிலே நான் முழங்கியதுபோல் முழங்கவேண்டா.