அந்தப் பக்கத்துப் பிடி



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வரலாற்று மன்ற மாணவர் சிலருடன் சேர்ந்து, நிலக்கரி ஏற்றும் இரயில் பெட்டியின் மாதிரி ஒன்றைச் செய்தேன். இங்கிலாந்து சென்று திரும்பிய நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பிளாஸ்டிக் பாகங்கள் அவை. அளவு, உண்மைப் பெட்டியில் 76இல் ஒரு பங்கு.

பிரிட்டனில் இரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்னும் அமைப்பு 1923இல் வகுத்த பொது அளவின்படி அமைந்த மரப்பெட்டி அது. பன்னிரண்டு டன் நிலக்கரியைச் சுமந்த அப்பெட்டியின் நீளம் பதினாறரை அடி. எங்கள் மாதிரியிலோ அது ஏறத்தாழ 6.6 சென்டிமீட்டர்தான். இத்தகைய பெட்டிகள் பலவற்றைச் சுரங்க நிறுவனங்களும் நிலக்கரி வணிகர்களும் சொந்தமாக வைத்திருந்தனர். தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் பக்கப் பலகைகளில் தீட்டிக்கொண்டனர். 1948இல் இரயில்வே நாட்டுடைமையானபோது இப்பெட்டிகளும் அரசுக்குச் சென்றன.

பக்கப் பலகைகளை ஒட்டினோம். பசை காய்வதற்கு முன் பெட்டியைச் சமமான கண்ணாடித் தகட்டின் மீது நிறுத்தி, நான்கு சக்கரங்களும் படிகின்றனவா எனப் பார்த்தோம். இறுதியில் எஞ்சியவை கைப்பிரேக்கின் மெல்லிய பிடிகள் இரண்டு.

“சார், அலமாரியில் வைத்தால் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கும்? ஒரு பிடி போதாதா?” என்றான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

நேரமாகிவிட்டதால் நானும் தலையசைக்கவிருந்தேன். ஆனால் ஒரே பெட்டிக்கு இரண்டு பிடிகள் எதற்கு என்ற ஐயம் எழுந்தது. அடுத்த சந்திப்புக்குள் தேடிப் படித்துவிட்டு வந்தேன்.

அக்காலச் சரக்கு இரயில்களில் பெரும்பாலான பெட்டிகளை ஓட்டுநரால் இயந்திரத்திலிருந்து நிறுத்த இயலாது. செங்குத்தான இறக்கம் வந்தால் இரயிலை நிறுத்தி, பணியாளர் ஒவ்வொரு பெட்டியாகப் பிடியை அழுத்திப் பூட்ட வேண்டும். நிலைய வளாகத்தில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது, ஓடும் பெட்டியின் கூடவே ஓடி அழுத்த வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே பிடி இருந்தது. மறுபக்கம் நிற்பவர் பெட்டிகளுக்கு இடையே நுழைந்து கடந்தாக வேண்டும். அங்கேதான் கைகால்களும் உயிர்களும் போயின.

இரயில் பணியாளரின் விபத்துகளைத் தடுக்க 1900இல் அங்கே சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1911இல் வந்த விதிகள் இரு பக்கமிருந்தும் இயக்கத்தக்க பிரேக்கைக் கோரின. பழைய பெட்டிகளை மாற்றப் பல ஆண்டுகள் அவகாசம் தரப்பட்டது.

இதைக் கூறியதும் மாணவர்கள் சற்று நேரம் பேசவில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவனே இடுக்கியை எடுத்து, இரண்டாவது பிடியை ஒட்டினான். இன்று எங்கள் அலமாரியில் அப்பெட்டியின் பின்னால் ஒரு சிறு முகக்கண்ணாடி இருக்கிறது. அது அவனுடைய யோசனை.

வீட்டில் பிள்ளைகள் எதையேனும் ஒட்டிச் செய்யும்போது, “இந்தப் பாகம் எதற்கு?” என்று ஒரு முறை சேர்ந்து கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் தேடிப் படியுங்கள். நானும் அன்று அப்படித்தான் கற்றேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்