திரவப் படிகமும் ஓர் இயற்பியலாளரின் வினாவும்

கைக்கணிப்பானிலும் எண்முறைக் கடிகாரத்திலும் கறுத்துத் தோன்றும் எண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றுக்கு அடிப்படையான நெறியை வகுத்தோருள் ஒருவர் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக். ஒரு வினா நிறுவனத்துக்கு உரியதா, அதனை எழுப்பியவருக்கு உரியதா என்பதை அவருடைய பணிவாழ்வின்வழி இங்கு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ‘திரவப் படிகம்’ முரண்பட்ட இரு சொற்களால் ஆன தொகை. திரவம் பாயும், படிகம் ஒழுங்குற நிற்கும். 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். அதனை ஆராய்ந்த செருமானிய இயற்பியலாளர் லேமன், ‘பாயும் படிகங்கள்’ எனக் குறித்தார். பாயும் நிலையிலும் அதன் மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கி அணிவகுத்திருக்கும். பெயரில் உள்ள முரண் பொருளிலும் உள்ளது.

1932இல் மியூனிக்கில் பிறந்த ஹெல்ஃப்ரிக், கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஷ்னைடருடன் இணைந்து ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி உமிழச் செய்தார். 1965இல் வெளிவந்த அவ்வாய்வு இன்றைய ஓஎல்இடி திரைகளுக்கு முன்னோடி. 1967இல் அவர் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு ஹைல்மையர் குழுவினர் மின்னோட்டத்தால் திரவப் படிகத்தைக் கலங்கச் செய்து ஒளியைச் சிதறடிக்கும் முறையை வளர்த்து வந்தனர்.

ஹெல்ஃப்ரிக் வேறு வழியை எண்ணினார். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூலக்கூறுகளின் அணியை 90 பாகை முறுக்கி அமைத்து, ஒரு திசை அதிர்வை மட்டும் கடக்கவிடும் முனைவாக்கித் தகடுகளை இருபுறமும் பொருத்தினால், ஒளி அம்முறுக்கோடு தானும் திரும்பி வெளிவரும். சில வோல்ட் அழுத்தம் தந்தால் மூலக்கூறுகள் நிமிரும், முறுக்கு அவிழும், ஒளி தடைப்படும். மின்னோட்டம் ஏறத்தாழத் தேவையில்லை. எனினும், முனைவாக்கிகள் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதாலும், தன் முறை ஒன்று கைவசம் இருந்ததாலும் நிறுவனம் அக்கருத்தில் ஆர்வம் காட்டவில்லை.

1970இல் அவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றார். மருந்து நிறுவனமான ஹோஃப்மன்-லா ரோஷில் மார்ட்டின் ஷாட்டுடன் அக்கருத்தைச் செய்து காட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1971 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவில் ஃபெர்கசனும் அதே நெறிக்கு 1971இல் காப்புரிமை கோரினார்.

தொழில்துறை அந்நெறியைக் கைக்கொள்ளத் தொடங்கிய வேளையில், 1973இல், ஹெல்ஃப்ரிக் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். துறை மாறியதுபோல் தோன்றும், வினா மாறவில்லை. முறுக்கிய அணி எவ்வாறு மீள்கிறது என்று கேட்டவர், உயிரணுச் சவ்வு எவ்வாறு வளைகிறது என்று கேட்டார். சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளும் அணிவகுத்து நின்றே நகர்பவை. அவையும் ஒருவகைத் திரவப் படிகமே. வளைவுக்குரிய ஆற்றலை அவர் 1973இல் வகுத்த சமன்பாடு, சிவப்பணு இருபுறமும் குழிந்த வட்டாக இருப்பதை விளக்க உதவியது.

2012இல் அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் டிரேப்பர் பரிசு ஹைல்மையர், ஹெல்ஃப்ரிக், ஷாட், பிராடி ஆகிய நால்வருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிதறல் முறையை வளர்த்தவரும் முறுக்கு முறையை எண்ணியவரும் ஒரே மேடைக்கு உரியவராயினர்.

காப்புரிமை நிறுவனத்துக்குச் சேர்ந்தது. வினா அவருடனேயே சென்றது. வகுப்பறையில் பாடத்திட்டத்துக்குள் அடங்காத வினாவை மாணவர் எழுப்பும்போது, இன்று பயனில்லை என அதனை ஒதுக்குமுன் ஆசிரியர்களாகிய நாம் சற்றே தயங்குவது நன்று.