தரைதட்டப் பிறந்த கலம்

1944-ஆம் வருஷத்து வசந்த காலத்தில், இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹெபர்ன் என்னும் ஊரின் கப்பல் கட்டும் தளத்தில் யுத்த அவசரத்தோடு உருவாகி, நாமகரணம் ஏதுமின்றி 7074 என்ற இலக்கத்தை மட்டுமே பெற்ற அந்த டாங்கி இறக்கும் கலத்தைக் கப்பல் என்றழைக்கக் கடலறிந்தவர்கள் சற்றே தயங்கியிருப்பார்கள். ஏறத்தாழ 57 மீட்டர் நீளமும், தட்டையான அடிப்பாகமும், முகப்பில் பாலம்போல் கீழே சாயும் கதவும் கொண்டு, வேண்டுமென்றே கரையில் போய்த் தரைதட்டுவதையே தன் தர்மமாக உடையது அது. மற்ற மாலுமிகளுக்கு எது விபத்தோ, அதுவே இதற்கு உத்தியோகம்.

ஜூன் 7-ஆம் தேதி அதிகாலை இருளில், நார்மண்டியின் கோல்டு கடற்கரையில் பத்து டாங்கிகளை அது இறக்கிவிட்டது. அந்த நார்மண்டிப் படையெடுப்பில் பங்குகொண்ட எண்ணூற்றுக்கும் மேற்பட்ட அவ்வினக் கலங்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே.

யுத்தானந்தரம் லிவர்பூலில் மாலுமிகளின் சங்கக் கூடமாகி, 'லேண்டுஃபால்' என்ற பெயரையும் பெற்று, பிற்பாடு இரவு நடன விடுதியாகவும் ஆயிற்று. இரும்புச் சக்கரங்கள் உருண்ட தளத்தில் காதலர்கள் ஆடினார்கள் என்பது காலத்தின் பரிகாசமன்றி வேறென்ன? கடைசியில் கவனிப்பாரற்று பர்க்கன்ஹெட் துறையில் மூழ்கிக் கிடந்ததை 2014-இல் மேலே தூக்கி, ஜீர்ணோத்தாரணம் செய்து, 2020-இல் போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்ஸீ பகுதியிலுள்ள அருங்காட்சியக வாசலில் நிறுத்தினார்கள்.