நோய் தணிந்தால் போதுமா?

இலங்கையை ஆண்ட பிரித்தானியர் மனநோயாளருக்கு முதலில் எழுப்பிக் கொடுத்தது மதில். 1873ஆம் ஆண்டின் சட்டம், சித்தம் கலங்கியவரை நீதிமன்ற விசாரணையின் பின் அடைத்துவைக்க வழிசெய்தது. 1926இல் கொழும்பை அடுத்த அங்கொடையில் பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் மக்களுக்கோ அது தீவின் மறுகரை. அங்கே அனுப்பப்பட்ட மீனவனுக்கும் நெசவாளிக்கும் குடும்பம் தொலைவாயிற்று. தொழில் அதனினும் தொலைவாயிற்று.

1952இல் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் பாரிஸ் நகரில் வெளிப்பட்டது. மனச்சிதைவு நோயாளரை அலைக்கழித்த பொய்க்குரல்களும் வீண் ஐயங்களும் அத்தகைய மருந்துகளால் பலருக்குத் தணிந்தன. ஆயினும் கவனம் நிலைக்காமை, கேட்டதை மறத்தல், அடுத்த காரியத்தைத் திட்டமிட இயலாமை ஆகியவை பலரிடம் எஞ்சி நின்றன. தொழிலுக்குத் திரும்புவதற்கு இவையே பெருந்தடை. ஊரார் இதனைச் சோம்பல் என்று ஏசினர்; இது நோயின் ஒரு கூறு என்று விஞ்ஞானம் காட்டிற்று.

இக்குறைகளைப் பயிற்சியால் ஈடுசெய்ய இயலுமா? இரண்டாம் உலகப் போரில் மூளையில் காயமுற்ற சோவியத் வீரர்களுக்கு, இழந்த திறன்களைப் பயிற்சியால் மீட்டுத்தர உரால் பகுதி மருத்துவமனை ஒன்றில் லூரியா என்னும் அறிஞர் பாடுபட்டார். பின்னாளில் மனச்சிதைவு நோயாளருக்கும் கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்க்கும் பயிற்சிகள் உருவாயின. 40 ஆய்வுகளையும் அவற்றில் பங்குற்ற 2,104 பேரையும் பற்றிய தொகுப்பாய்வு 2011இல் வெளிவந்தது. பயிற்சி பயன் தருகிறது என்றும், புனர்வாழ்வுப் பணியோடு இணையும்போது நடைமுறை வாழ்வில் அதன் பயன் பெருகுகிறது என்றும் அது கூறிற்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. மனத்தின் காயமும் காயமே என்பதை நாடு அப்போது உணர்ந்தது. அடுத்த ஆண்டே வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையையும் புனர்வாழ்வையும் மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றது.

இப்பணிக்கு நிபுணர் மட்டும்தான் வேண்டுமா? காஞ்சிபுரம் உள்ளிட்ட மூன்று இந்தியப் பகுதிகளில் 282 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. வைத்தியர் மேற்பார்வையில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் வீடுதேடிச் சென்றபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவரைவிட இவர்களது நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன.

கல்முனைக்கு அருகே கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனை இருக்கிறது. பாவிழையை எண்ணக் கவனம் வேண்டும். நிறவரிசையை மனத்தில் இருத்த ஞாபகம் வேண்டும். பயிற்சி அறையில் பெற்ற திறனுக்கு இதைவிட நல்ல களம் ஏது? ஆனால் குணமடைந்து வருபவருக்குத் தறியில் இடமும், செய்த வேலைக்கு நியாயமான கூலியும் தர நாம் முன்வரவேண்டும். இல்லையேல், அங்கொடையின் மதிலை நம் தெருவிலேயே எழுப்பியவர்கள் ஆவோம்.