கட்டும் கருவி, காட்டும் கருவி

கோல்ஃப் ஆட்டத்தில் இரும்பு மட்டைக்கு நெடுங்காலம் மதிப்பு இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்வெளிகளில் மர மட்டைகளே ஆட்சி செய்தன. அதற்குக் காரணம் பந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தோலுறைக்குள் வேகவைத்த இறகுகளை இறுகத் திணித்துத் தைத்த பந்தில்தான் ஆடினார்கள். தேர்ந்த கைவினைஞர் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் தேறாது. கொல்லன் அடித்த கனத்த இரும்பின் விளிம்பு ஒருமுறை பட்டால் போதும், தையல் பிரிந்துவிடும். வண்டித் தடத்திலோ மணற்குழியிலோ சிக்கிய பந்தை மீட்பதற்கு மட்டும் இரும்பை எடுத்தார்கள். 1848 வாக்கில் மலாயாக் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த பந்து வந்தது. விலை குறைவு, அடிபட்டு நசுங்கினால் வெந்நீரில் இளக்கி மறுபடி உருட்டிக்கொள்ளலாம். புதிதாக வழவழவென்று இருக்கும்போது சட்டென்று தாழ்ந்து விழுந்த இந்தப் பந்து, இரும்படி பட்டு மேனியெங்கும் தழும்பேறிய பிறகு நன்றாகப் பறந்தது. ஆட்டக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். பிறகு பந்து செய்வோரே சுத்தியலால் கொத்தித் தழும்பிட்டு விற்கலானார்கள். இன்றைய பந்தின் குழிகளுக்கு மூதாதை அந்தத் தழும்பு. அடி விட்டுச்சென்ற தடத்தைப் பார்த்துப் பாடம் கற்ற இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், இரும்பு மட்டையைப் பழகுவதற்கான கருவிகளின் கதையும் அதிலேயே அடங்கியிருப்பது தெரியும்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சன் புதிய பந்தைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் அந்தப் பிணக்கில் பிரிந்து, 1851இல் பிரெஸ்ட்விக்குக்குப் போனார். ஆனால் ‘கிளீக்’ எனப்பட்ட இரும்பைக் கொண்டு குழித்திடலை நோக்கிப் பந்தை அடிக்கும் முறையைப் பரப்பியவர் அதே ராபர்ட்சன்தான் என்கிறது ஆட்ட வரலாறு. டாம் மாரிஸின் மகன், இளைய டாம், இன்னும் ஒரு படி போனார். வண்டித் தடத்துக்கென்று செய்த சிறு இரும்பால் பந்தை உயரத் தூக்கி, விழுந்த இடத்திலேயே நிற்கவைத்தார். 1868, 1869, 1870, 1872 என நான்கு முறை ஓப்பன் பட்டம் வென்று, 24 வயதில் இறந்துபோனார். இவர்கள் யாருக்கும் பயிற்சிக் கருவி என்று ஒன்று இருக்கவில்லை. பெரியவர்களின் மட்டைகளைச் சுமந்த கேடிச் சிறுவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். பந்து போன திசையும், மட்டை பட்ட இடத்தில் புல்லோடு பெயர்ந்த மண்ணும்தான் அவர்களைத் திருத்தின.

அந்த மண்ணுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? தரையில் கிடக்கும் பந்தை இரும்பால் அடிக்கும்போது மட்டைத்தலை கீழ்நோக்கி வந்துகொண்டிருக்க வேண்டும். முதலில் பந்து, பிறகு புல். வீச்சின் அடிமட்டப் புள்ளி பந்துக்குச் சற்று முன்னால், இலக்கின் பக்கமாக அமைய வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 6 எண் இரும்பால் அடிக்கையில் மட்டை சுமார் 4 பாகை சரிவில் இறங்குகிறது. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைக்கும் புதியவரோ பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டுகிறார், இல்லையென்றால் பந்தின் உச்சந்தலையில் தட்டுகிறார். அலாஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூல், மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிவிநாடி என்று காட்டியது. கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பந்து மட்டையை விட்டுப் பிரிந்திருக்கும். அந்தக் கணத்தைப் பார்த்துத் திருத்த எவராலும் முடியாது. நடந்து முடிந்ததை உண்மையாகச் சொல்ல ஒரு சாட்சிதான் தேவை. பழகுபவருக்கு உதவும் கருவி அப்படிப்பட்ட சாட்சியாக, நடந்ததைக் காட்டும் கருவியாக இருக்க வேண்டும். உடலை ஓர் உருவத்துக்குள் கட்டிப்போடும் கருவி இந்த வேலையைச் செய்யாது என்பது என் வாதம்.

கட்டும் கருவிகள் எங்கிருந்து வந்தன? 1880களின் இறுதியிலிருந்து ஆட்டம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேகமாகப் பரவியது. நியூயார்க்குக்கு அருகே யாங்கர்ஸில் 1888இல் சங்கம் தொடங்கினார்கள். 1894இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் பிறந்தது. கேடிச் சிறுவனுக்குக் கிடைத்த பத்தாண்டுப் பார்வைப் பழக்கம், நாற்பது வயதில் மட்டை பிடித்த வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் கிடைக்க வழியில்லை. அவர்கள் புத்தகத்தை நாடினார்கள். புத்தகத்தில் நிழற்படம் இருந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹாரி வார்டனின் 1905ஆம் ஆண்டு நூலைப் போன்றவை, ஓடும் வீச்சை அசையாத நிலைகளாகப் பிரித்து அச்சில் நிறுத்தின. பின்னர் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஹெரால்ட் எட்ஜர்டன் மின்னல் விளக்கைக் கொண்டு ஒரே வீச்சைப் பல நிலைகளாக ஒரு தகட்டில் பதித்தார். அழகான படங்கள்தான். ஆனால் படத்தில் தெரிவது வீச்சின் விளைவு. கற்பவர் அதையே வீச்சின் காரணம் என்று எடுத்துக்கொண்டார். இதே காலத்தில் மட்டையும் மாறியது. ஹிக்கரி மரத்தண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முறுகும். ஒவ்வொரு மட்டைக்கும் கை தனித்தனியாகப் பழக வேண்டும். எஃகுத் தண்டை அமெரிக்கச் சங்கம் 1924இலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929இலும் அனுமதித்தன. மாஷி, நிப்லிக் என்று பெயரிட்டு அழைத்த மட்டைகள் எண்களாக மாறி, ஒரே சீரான தொகுதியாக விற்பனைக்கு வந்தன. எல்லா மட்டைக்கும் ஒரே வீச்சு என்ற ஆசை அங்கே வேர் பிடித்தது. ஒரே வீச்சு வேண்டுமென்றால் உடலை அதே அச்சில் வார்த்துவிடலாமே என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. முழங்கையைப் பிணைக்கும் பட்டையும், மணிக்கட்டை மடங்கவிடாத கவசமும் அந்த எண்ணத்தின் பிள்ளைகள்.

இதற்கு நேரெதிராக நின்ற ஆசிரியர் எர்னஸ்ட் ஜோன்ஸ். இங்கிலாந்தின் சிஸ்ல்ஹர்ஸ்ட் சங்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர், முதல் உலகப் போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்று, இடுப்பை இப்படித் திருப்பு என்ற பாடமெல்லாம் அவரைப் பொறுத்தவரை அன்றோடு பொருளிழந்தன. ஆனாலும் சில மாதங்களில் ஒற்றைக் காலில் நன்றாகவே ஆடினார். மட்டைத்தலையை வீசுவதில் மனம் நின்றால் உடல் தனக்கேற்ற வழியைத் தேடிக்கொள்ளும் என்று அவர் கண்டார். பின்னாளில் நியூயார்க்கில் கற்பித்தபோது அவர் கையில் இருந்த கருவி, கைக்குட்டையின் முனையில் கட்டிய ஒரு பேனாக்கத்தி. கைக்குட்டையைச் சீராக வீசினால் கத்தி வட்டமாக வரும். வெடுக்கென்று இழுத்தால் துணி தொய்ந்து, கத்தி தடுமாறும். வீச்சு எங்கே கெட்டது என்று ஆசிரியர் சொல்லத் தேவையே இல்லை. ஜோன்ஸ் கண்டதற்குப் பின்னாளில் ஆய்வும் துணை நின்றது. 1999இல் இயக்கக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும், கோல்ஃப் அறியாத மாணவர்களை 9 எண் இரும்பால் அடிக்கவைத்துச் சோதித்தார்கள். கையின் அசைவைக் கவனிக்கச் சொன்ன குழுவைவிட, மட்டையின் வீச்சைக் கவனிக்கச் சொன்ன குழு பயிற்சியின்போதும் மேலாக அடித்தது, மறுநாள் எந்த அறிவுரையும் இல்லாமல் அடிக்கவிட்டபோதும் மேலாகவே அடித்தது.

கட்டுதலும் பலன் தந்திருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மூன்று பெரும் பட்டங்கள் வென்ற ஃபிஜியின் விஜய் சிங், இடது அக்குளில் ஒரு கையுறையை இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அடித்துப் பழகியவர். ஆனால் அந்தக் கையுறை கையைக் கட்டவில்லை. கை உடலைவிட்டு விலகினால் அது கீழே விழும், அவ்வளவுதான். விழாமல் அடிக்கும் வேலை ஆட்டக்காரருடையதாகவே இருக்கிறது. பட்டையால் பிணைத்தால் விலகவே இயலாது. விலகாமல் இருக்க உடல் எதையும் கற்கவும் வேண்டியதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் தமது 1957ஆம் ஆண்டு நூலில் தோள்மீது சாய்ந்த கண்ணாடிப் பலகையைப் படமாகக் காட்டியதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு படம். யாரும் கழுத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடவில்லை. ஹோகன் கற்றதோ, தொலைவில் ஒரு கேடியை நிறுத்தி, அவனை நோக்கி ஓயாமல் பந்தடித்த திடலில்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று என் வாதத்தின் உள்ளிருந்தே கிளம்புகிறது. காட்டும் கருவிதான் நல்லதென்றால், எறிகணையைத் தொடரும் ராடார் நுட்பத்திலிருந்து வளர்ந்து 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் போன்ற கருவி எல்லாவற்றிலும் சிறந்ததாக இருக்க வேண்டுமே? இறங்கும் கோணம், மட்டை முகத்தின் திசை, பந்தின் சுழற்சி என அது காட்டாதது குறைவு. பழுதைக் கண்டுபிடிக்க அதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பிறகு திரையைப் பார்க்கும் பழக்கம் வேறு விஷயம். இயக்கக் கற்றலை ஆராய்ந்த சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984இல் ஒன்றைச் சுட்டினார்கள்: முடிவை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியில் தேர்ச்சி மின்னும், சொல்வது நின்றதும் மங்கிவிடும். அளவு மீறினால் காட்டும் கருவியும் கட்டும் கருவி ஆகிவிடுகிறது. அதனால் என் வாதத்தில் ஒரு திருத்தம்: கருவி காட்ட வேண்டும், ஆனால் அளவாகக் காட்ட வேண்டும், அது காட்டுவதை ஆட்டக்காரர் தம் உணர்வோடு ஒப்பிட்டுப் பார்க்க அவகாசமும் தர வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது, செலவும் குறைகிறது. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் பந்தை வைத்து அடித்தால், மண் கோட்டுக்கு முன்னே பெயர்ந்ததா பின்னே பெயர்ந்ததா என்பது கண்ணெதிரே நிற்கும். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்து வைத்தால், தப்பான அடி துண்டை இழுத்துக்கொண்டு வரும். மட்டை முகத்தில் பவுடரைத் தெளித்தால் பந்து பட்ட இடத்தில் வட்டம் விழும். மட்டை வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் பரப்பிய, விளிம்பில் எடையைக் கூட்டிய இரும்புகள் இருக்கையில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நினைப்பவருக்கும் துண்டே பதில் சொல்லும். முகத்தின் நடுவிலிருந்து விலகிப் பட்ட அடியை அந்த மட்டைகள் மன்னிக்கும். பந்துக்கு முன்பே மண்ணில் இறங்கிய அடியை அவை பெரிதாகக் காப்பாற்றுவதில்லை.

போட்டிக்குள் இவை எதற்கும் இடமில்லை. 2010இல் ஓரிகானில் நடந்த எல்.பி.ஜி.ஏ. மகளிர் போட்டியில், அரை மணி நேரம் காத்திருந்த வேளையில் தசை இறுகாமலிருக்க மட்டையில் எடை வளையத்தை மாட்டி வீசிப்பார்த்த ஜூலி இங்க்ஸ்டர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பயிற்சிக் கருவி சுற்றின் நடுவே கூடாது என்பது விதி. அடித்த இடத்தில் பெயர்ந்த புற்கட்டியை எடுத்துப் பொருத்தி மிதித்துவிட்டுப் போவதோ ஆட்டத்தின் மரபு. அதற்காகக் குனிகிறவர், பள்ளம் பந்து கிடந்த இடத்துக்கு முன்னே தொடங்கியிருக்கிறதா பின்னே தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.