கைடு படித்த கணித மேதை

பி.காம். சேர்ந்தால் கணக்குத் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஆனால் வணிகக் கணிதம் என்ற பெயரில் நுண்கணிதம் அங்கேயும் காத்திருக்கும். ஒரு பொருளைக் கூடுதலாகத் தயாரித்தால் செலவு எவ்வளவு கூடும்? ஓசூர் கம்பெனிகளில் தினமும் எழுகிற இந்தக் கேள்விக்கு விடை தருவதுதான் வகையிடல். முதல் பரீட்சை நெருங்கியதும், எங்கள் சாமல்பட்டியிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறவர்கள் கையில் எல்லாம் ஒரு கைடு இருக்கும். சூத்திரம் இருக்கும், விடை இருக்கும், ஏன் என்பது மட்டும் இருக்காது.

இந்தக் கைடு கலாசாரம் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் 'டிரைபாஸ்' என்ற கணிதத் தேர்வு இருந்தது. அதில் முதலிடம் பிடித்தவருக்கு 'சீனியர் ராங்ளர்' என்று பட்டம். அதற்காக மாணவர்கள் தனிப்பயிற்சி ஆசிரியர்களிடம் போய் மனப்பாடம் செய்தார்கள், வேகமாகக் கணக்குப் போடப் பழகினார்கள். நம்ம டியூஷன் சென்டர் மாதிரியேதான்! அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர்தான் ஜார்ஜ் கார். ஏறத்தாழ 5000 சூத்திரங்களைத் தொகுத்து 1880-களில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம் எல்லாம் அதில் உண்டு. நிரூபணங்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை.

அந்தப் புத்தகம் 1903-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவன் கைக்கு வந்தது. அவர்தான் ராமானுஜன். நிரூபணம் இல்லாத இடத்தையெல்லாம் அவர் தனக்குக் கொடுத்த கணக்காக எடுத்துக்கொண்டார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

அதே கேம்பிரிட்ஜில் இன்னொரு மாணவர் ஹார்டி. டிரைபாஸ் பயிற்சி வெறுத்துப்போய், வரலாற்றுப் பாடத்துக்கே மாறிவிடலாமா என்று யோசித்தவர். 1898-ல் அந்தத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். பிறகு அதை மாற்றப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1909-க்குப் பிறகு அந்த ரேங்க் வரிசை ஒழிந்தது. கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக, 'ஏன்' என்பதையும் விளக்கி 1908-ல் ஒரு நுண்கணிதப் பாடநூலும் எழுதினார்.

ராமானுஜனும் பரீட்சையில் தோற்றவர்தானே என்று நம்மில் பலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். கல்லூரியின் முதல் படியான எப்.ஏ. தேர்வில் அவர் கணக்கில் தேறினார், மற்றப் பாடங்களில் தவறினார். முதலில் உதவித்தொகை போனது. 1907 வரை முயன்றும் எப்.ஏ. கிடைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் வேலையும் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகு, எந்தப் பல்கலைக்கழகத்தின் எப்.ஏ.வில் அவர் தேறவில்லையோ, அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1920-ல், 32 வயதில் இறந்துபோனார். அந்தத் தோல்விக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதை நமக்குச் சாக்காக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கைடு வாங்குங்கள், தப்பில்லை. சூத்திரத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அது எப்படி வந்தது என்று ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு ஏன் இரண்டு எக்ஸ்? எக்ஸைக் கொஞ்சம் கூட்டி, வித்தியாசத்தை எடுத்து, கூட்டிய அளவால் வகுத்து, அந்த அளவைச் சுருக்கிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். மேதை ஆக மாட்டோம்தான்... ஆனால் பரீட்சை ஹாலில் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் கை நடுங்காது.

பரீட்சைக்குப் போகும் நண்பர்கள் அனைவருக்கும் வாழ்த்துக்கள்!