நிலவியல் ஆய்வேடு: வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

மருத்துவம், பொறியியல் என்ற இரண்டையும் தாண்டி, நிலவியல், புவி இயற்பியல், தொலையுணர்வு போன்ற துறைகளில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் நமது குடும்பங்களிலும் இருக்கிறார்கள். இறுதி ஆண்டில் அவர்கள் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். வெயிலில் அலைந்து கல் சேகரிக்கிறார்கள். ஆய்வகத்தில் காத்திருந்து முடிவுகளைப் பெறுகிறார்கள். ஆனால் எழுதி முடித்ததும், "வடிவமைப்பை டிடிபி கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். பின்னர் ஆய்வேடு திருத்தத்திற்காகத் திரும்பி வரும்போது மாதங்கள் வீணாகின்றன. வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும் வாய்ப்பும் தள்ளிப்போகிறது.

வடிவமைப்பு என்பது அழகுக்காக மட்டும் அல்ல. நாம் பார்த்ததை இன்னொருவர் அதே இடத்திற்குச் சென்று சரிபார்க்க முடியவேண்டும். அதற்கான ஏற்பாடுதான் வடிவமைப்பு.

கல்லமேடு தரும் பாடம்

அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பகுதியில் கிடைத்த மிகப்பெரிய டைனோசர் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் விவரித்து, 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். அதன் கால் எலும்பு ஒன்றின் நீளமே சுமார் 2 மீட்டர் என்று பதிவானது. ஆனால் வெளியான கட்டுரையில் இருந்த படங்கள் குறைவு, விவரமும் சுருக்கம். எலும்புகளோ பின்னர் சிதைந்து போய்விட்டன. விளைவு என்ன? முதலில் ஊனுண்ணி என்று சொல்லப்பட்ட விலங்கு, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாகக் கருதப்பட்டது. அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. 2022-ல் அந்தக் காலத்துப் புகைப்படங்கள் வெளியான பிறகே விவாதம் ஓரளவு தெளிந்தது.

மண்ணில் கிடைத்த பொருள் அழிந்துபோகலாம். அப்போது நிற்பது ஏட்டில் உள்ள பதிவு மட்டுமே. ஆய்வேடு எழுதும் மாணவர் இதை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

பக்க அமைப்பு

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென வடிவமைப்பு விதிகளை வைத்திருக்கிறது. எழுதத் தொடங்கும் முன்பே அதைத் துறையிலிருந்து கேட்டுப் பெற வேண்டும். சீனியர் ஒருவரின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே செய்வது ஆபத்தானது. விதிகள் மாறியிருக்கலாம்.

பொதுவாக ஏ4 தாள், 12 புள்ளி டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி ஆகியவை கேட்கப்படுகின்றன. பைண்டிங்கில் எழுத்து மறைந்துவிடாமல் இருக்க இடது ஓரம் மற்ற ஓரங்களைவிட அகலமாக விடப்படும். தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, ஆய்வுச் சுருக்கம், நன்றியுரை, பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், படப் பட்டியல் ஆகியவை முன்பகுதியில் வரும். இவற்றுக்குச் சிறிய ரோமன் எண்களும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்ற எண்களும் இடுவது வழக்கம்.

தலைப்புகளைக் கையால் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றாமல், வேர்டு மென்பொருளில் உள்ள 'ஸ்டைல்ஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். பொருளடக்கம் தானாகவே உருவாகும். படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் 'கேப்ஷன்' வசதியைப் பயன்படுத்தினால், நடுவில் ஒரு படத்தைச் சேர்த்தாலும் புதுப்பிக்கும்போது எண்கள் சரியாகிவிடும்.

வரைபடம்

நிலவியல் ஆய்வேட்டின் உயிர் வரைபடம்தான். தேர்வாளர் பெரும்பாலும் அதைத்தான் முதலில் புரட்டுவார். ஒவ்வொரு வரைபடத்திலும் வடக்குத் திசைக் குறி, அளவுகோல், குறி விளக்கம், ஓரங்களில் அட்சரேகை தீர்க்கரேகை, தகவல் எடுத்த மூலம் ஆகியவை இருக்க வேண்டும்.

அளவை 1 : 50,000 என்று எண்ணால் மட்டும் எழுதினால் போதாது. அந்த அளவில் 1 சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். ஏ3 தாளில் வரைந்ததை ஏ4 தாளுக்குச் சுருக்கி அச்சிட்டால், உண்மையான அளவு ஏறக்குறைய 1 : 70,700 ஆகிவிடும். தாளில் எழுதியிருப்பதோ 50,000 என்றே நிற்கும். கோடாக வரைந்த அளவுகோல் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அது பொய் சொல்லாது.

இன்னொரு முக்கியமான விஷயம் டேட்டம். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் அடிப்படையில் வரையப்பட்டவை. கைப்பேசியும் ஜிபிஎஸ் கருவியும் காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால், தமிழ்நாட்டில் ஒரு புள்ளி 100 மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். ஓடையின் இந்தக் கரையில் எடுத்த கல், வரைபடத்தில் அந்தக் கரைக்குப் போய்விடும். எந்த டேட்டம் என்று வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மடிக்க வேண்டிய பெரிய வரைபடம் இருந்தால், தலைப்பு வெளியே தெரியும்படி மடித்து, பின் அட்டையில் உள்ள உறையில் வைப்பது வழக்கம்.

புகைப்படமும் மாதிரி எண்ணும்

பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சுத்தியல், பேனா, நாணயம் என்று ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். இல்லையென்றால் அது கைப்பிடிக் கல்லா, மலைச்சரிவா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எந்த இடம், எந்தத் திசையை நோக்கி எடுத்தது என்பதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். நுண்ணோக்கிப் படத்தில் அளவுக்கோடு அவசியம். சாதாரண முனைவொளியில் எடுத்ததா, குறுக்கு முனைவொளியில் எடுத்ததா என்பதும் குறிப்பிடப்பட வேண்டும். கனிமப் பெயர்களைச் சுருக்கி எழுத, 2010-ல் விட்னியும் எவன்சும் வெளியிட்ட பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. சுருக்கத்தை நாமாக உருவாக்க வேண்டியதில்லை.

மாதிரி எண் விஷயத்தில் ஒரே ஒழுங்கு வேண்டும். களக் குறிப்பேடு, பை, வரைபடம், அட்டவணை, அத்தியாயம் என எல்லா இடங்களிலும் ஒரே எண் வர வேண்டும். இட அமைவைப் பாகை, நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர், ஒரு விநாடி என்பது சுமார் 31 மீட்டர்.

அட்டவணை, பெயர், வயது

அட்டவணையின் தலைப்பு மேலேயும், படத்தின் தலைப்பு கீழேயும் வருவது மரபு. வேதி ஆய்வு முடிவுகளில் ஆக்சைடுகளை எடைச் சதவீதத்திலும், அரிய தனிமங்களைப் பிபிஎம் அளவிலும் தருவார்கள். ஒரே நெடுவரிசையில் ஒரு எண்ணுக்கு இரண்டு தசமமும் அடுத்ததற்கு நான்கும் இருக்கக் கூடாது. கருவியால் அளக்க முடியாத அளவு குறைவாக இருந்தால் அங்கே பூஜ்யம் போடாமல், கண்டறியும் எல்லைக்குக் கீழ் என்று குறிக்க வேண்டும். "இல்லை" என்பதும் "எங்களால் அளக்க முடியவில்லை" என்பதும் வேறு வேறு. தரவு ஓர் அமானிதம். கூட்டியும் குறைத்தும் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அரியலூர்ப் பகுதிப் பாறைகளை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுமங்களாகப் பிரிக்கிறார்கள். இப்படி முறையாக நிலைபெற்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பாறையைக் குறிக்கும்போது 'அப்பர் கிரெட்டேசியஸ்' என்றும், காலத்தைக் குறிக்கும்போது 'லேட் கிரெட்டேசியஸ்' என்றும் எழுத வேண்டும். உயிரினப் பேரினம், சிற்றினப் பெயர்கள் சாய்ந்த எழுத்தில் வரும்.

மேற்கோளும் ஒப்புமைச் சோதனையும்

உள்ளே குறிப்பிட்ட ஒவ்வொரு நூலும் கடைசிப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஜொடெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தினால் இந்த வேலை எளிது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தை அடிப்படையாக எடுத்திருந்தால், அதையும் படத்தின் கீழே சொல்லியாக வேண்டும்.

யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிகள் முதுகலை மாணவருக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால், 6 மாதத்திற்கு மிகாத காலத்திற்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

நிலவியல் மாணவர்கள் சிக்குவது பெரும்பாலும் 'ஆய்வுப் பகுதி' என்ற அத்தியாயத்தில்தான். ஒரே மாவட்டத்தின் மழையளவு, மண், பாறை அமைப்பு பற்றி முன்பு பலர் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து நகல் எடுத்துவிடுகிறார்கள். சொற்களை மட்டும் மாற்றுவது இதற்குத் தீர்வல்ல. பழைய ஏட்டை மூடி வைத்துவிட்டு, நீங்கள் நேரில் பார்த்த நிலத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறரிடமிருந்து எடுத்த எண்ணுக்கு மூலத்தைக் குறிப்பிடுங்கள்.

பைண்டிங்கிற்கு முன்

பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு பிரதியை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். கணினியில் தெளிவாகத் தெரிந்த படம் தாளில் மங்கலாம். படங்கள் 300 டிபிஐ அளவில் இருப்பது நல்லது. கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் வரைபடத்தின் பிரிவுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நிறத்தோடு கோடு, புள்ளி போன்ற நிரப்பு வடிவங்களையும் சேர்க்க வேண்டும். பிறகு ஏதேனும் ஒரு மாதிரி எண்ணை எடுத்து, அட்டவணையிலிருந்து வரைபடத்திற்கும் அங்கிருந்து களக் குறிப்புக்கும் போக முடிகிறதா என்று சோதியுங்கள். நெறியாளர் கையெழுத்திட்ட பிறகே மற்றப் பிரதிகளைப் போட வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலைகளுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரங்கள் தேவை. கடைசி மாதத்தில் திருமணம், விருந்து என்று பிள்ளைகளை அலைக்கழிக்காமல், வீட்டில் ஒரு மேசையையும் அமைதியான சில மணி நேரத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள். பாறையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். "இந்தக் கல் எங்கே கிடைத்தது, படத்தில் காட்டு" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பிள்ளை தடுமாறாமல் விரல் வைத்துக் காட்டினால், அந்த ஆய்வேட்டின் வடிவமைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.